மாமனார் வில்

ராமருக்கு வில் விவகாரம் கல்யாணத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எடுத்தார், வளைத்தார், ஒடிந்தது. ஒடிந்ததற்கு மாற்று வில் வாங்கி வந்து மாட்டித் தரும்படி ஜனகர் கேட்டதாக எந்த உபன்யாசகரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்யாணமாகி 31 வருஷம் கழித்து, மாமனாரும் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய வில் இரண்டு என் தலையில் வந்து விடிந்தன. இரண்டும் அவர் விட்டுப்போன 1986ஆம் வருஷத்து அம்பாசடர் மார்க் 4 காரின் பின்பக்கத்தில் இருந்தன.

வில் என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. கடையில் லீஃப் ஸ்பிரிங், மெக்கானிக் வாயில் பட்டை, லாரிப் பட்டறையில் கமான் பட்டை. கமான் என்றாலே வில்தான். வசதியுள்ளவர்கள் ஒரு காலத்தில் வில் வண்டியில் போனார்கள் என்கிறோமே, அந்த வில்லும் இதே சமாச்சாரம்தான். மாட்டை அவிழ்த்துவிட்டு இன்ஜினை வைத்தார்கள், கூரை போட்டார்கள், ஹாரன் வைத்தார்கள். வில்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அம்பாசடர், 1950களில் இங்கிலாந்தில் ஓடிய மோரிஸ் ஆக்ஸ்போர்டின் பிள்ளை. முன்பக்கம் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்ற நாள்வரைக்கும் பின்பக்கம் பட்டைதான்.

கார் சாய்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கீழே பார்த்துச் சொன்னாள்:

“ஏங்க, வண்டி வலது பக்கமா சாஞ்சிருக்கு. அப்பா ஓட்டினப்போ இப்படி இல்லையே.”

வலது பக்கம் என்றால் டிரைவர் பக்கம். மாமனார் கடைசிவரை 52 கிலோ. என் எடையை இங்கே எழுதுவதாக இல்லை. கட்டுரையின் போக்கில் வாசகர்களுக்கே தெரிந்துவிடும்.

எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்கிறவன் இல்லை நான். மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டுபோய், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்தேன். வலது பக்கம் ஒன்றேகால் அங்குலம் இறக்கம். உடனே, “தரைதான் சாய்வு, மழைத்தண்ணி ஓடறதுக்காகச் சரிச்சுக் கட்டியிருக்கான்” என்று அறிவித்தேன். “அப்ப வண்டியைத் திருப்பி நிறுத்தி அளங்க” என்றாள். திருப்பி நிறுத்தினேன். இப்போதும் வலது பக்கமே ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருந்தது. தரை நிரபராதி. இந்த எளிய சோதனை எனக்குத் தோன்றாமல், கையில் துணி கிளிப்போடு நிற்கிறவளுக்குத் தோன்றியது ஏன் என்பதை ஆராய அப்போது நேரமில்லை.

ஆதம்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய். மாமனார் காலத்திலிருந்து இந்த வண்டிக்கு அவர்தான் குடும்ப டாக்டர். வண்டியைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது, “சார், இறங்குங்க” என்பதுதான். இறங்கினேன். வண்டி லேசாக எழுந்தது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அடியில் படுத்துப் பட்டைகளை எண்ணச் சொன்னார். பட்டை ஸ்பிரிங் என்பது கூட்டுக் குடும்பம் மாதிரி. மேலே நீளமாக மெயின் பட்டை. அதன் இரண்டு முனைகளிலும் சுருட்டி வைத்த கண். முன்கண் சேஸிஸோடு கட்டிப்போட்டது. பின்கண் ஷாக்கில் என்கிற ஊஞ்சலில் தொங்குவது. பாரம் ஏறினால் வில் நிமிரும், நிமிர்ந்தால் நீளம் கூடும், கூடிய நீளம் போக இடம் வேண்டுமே, அதற்குத்தான் ஊஞ்சல். மெயின் பட்டைக்குக் கீழே அதைவிடக் குட்டை, அதற்குக் கீழே அதைவிடக் குட்டை என்று வரிசையாகத் தம்பிகள். நடுவில் சென்டர் போல்ட் எல்லோரையும் கோத்துப் பிடித்திருக்கும். யு போல்ட்டுகள் மொத்தக் குடும்பத்தையும் ஆக்ஸிலோடு கட்டியிருக்கும். சென்டர் போல்ட் ஒடிந்தால் ஆக்ஸில் நகர்ந்துவிடும். அப்புறம் வண்டி, தெருநாய் ஓடுவது போல, முகம் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகப் போகும்.

இடது பக்கம் எண்ணினேன்: ஆறு. வலது பக்கம்: ஏழு. மறுபடி எண்ணினேன். அப்போதும் ஏழு.

“பாய், தாழ்ந்த பக்கத்துலதான் ஒரு பட்டை கூட இருக்கு!”

“ஆமா சார். பெரியவர் திருச்சி போறப்போ அந்தப் பக்கம் ஒண்ணு உடைஞ்சிருச்சு. லாரிப் பட்டறையில கைக்குக் கிடைச்சதை வெட்டி வச்சுக் குடுத்தான். அது சும்மா கூட நிக்குது.”

“கூட நின்னும் தாங்கலையா?”

“எண்ணிக்கையில என்ன சார் இருக்கு? நாப்பது பேர் இருக்கிற ஆபீஸ்ல நாலு பேர்தானே வேலை செய்றாங்க.”

நான் எந்த ஆபீஸில் ஓய்வு பெற்றேன் என்பது பாய்க்குத் தெரியும்.

ஒரிஜினலாக இந்த வண்டிக்கு எத்தனை பட்டை என்று விசாரிக்கத் தொடங்கினேன். அது தப்பு. எங்கள் தெருவில் அம்பாசடர் வைத்திருந்தவர், ஓட்டியவர், ஓட்டியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். டாக்ஸிக்கு ஒரு கணக்கு, டீசல் வண்டிக்கு ஒரு கணக்கு, கவர்மென்ட் வண்டிக்கு ஒரு கணக்கு என்றார்கள். அண்ணன் மகன் ஒருவன் இன்ஜினியர். “சித்தப்பா, இந்தப் பட்டைக் கட்டையே தூக்கிப் போட்டுட்டு பாரபாலிக் போடுங்க. நடுவுல கனமா, முனையில மெலிசா இருக்கும். ஒண்ணு ரெண்டு பட்டையே போதும், ஒண்ணோட ஒண்ணு உரசாது, சொகுசா இருக்கும்” என்றான். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவன் போன் எடுக்கவில்லை.

பழையதையே வில் ஏற்றிக்கொள்ளலாமே என்றது என் சிக்கன புத்தி. பாய் தலையை ஆட்டினார். சம்மட்டியால் தட்டி வளைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. பச்சையாகத் தட்டினால் ஒரு மாதம் வில்லாக இருக்கும், மறு மாதம் பழைய குருடி கதவைத் திறடிதான். ஒழுங்காகச் செய்வதென்றால் ஒவ்வொரு பட்டையையும் பிரித்து, பழுக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடியும் அதைவிடக் குறைந்த சூட்டில் வைத்துப் பதமேற்ற வேண்டும். எண்ணெயில் தோய்க்காவிட்டால் இடியாப்பம் மாதிரி தொங்கும். தோய்த்துவிட்டு இரண்டாவது சூடு காட்டாமல் விட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். “இதெல்லாம் பொறுமையாச் செய்ற ஆள் இப்போ கம்மி சார். தட்டிக் குடுத்தா, நீங்க தீபாவளிக்கு முன்னாடி டயட் இருந்தீங்களே, அந்த மாதிரிதான் ஆகும்.” டயட் விஷயம் இவர்வரை எப்படிப் போனது என்று வீட்டில் விசாரித்தேன். பதில் இல்லை.

ஆக, புதுப்பேட்டை.

சென்னையில் ஒரு காரைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டுமானால் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, டேஷ்போர்டு மட்டும் அடுக்கிய கடை ஒன்று. தெருவே நடப்பதற்கு இடமில்லாமல் கூவத்துப் பக்கமாக ஒடுங்கிக்கொண்டே போகும். பட்டைக் கடையில் துரு நிறத்தில் வாழைத்தார் மாதிரி கட்டுக் கட்டாகச் சாத்தி வைத்திருந்தார்கள். பாய் குனிந்து ஒரு பட்டையின் முனையை விரலால் தடவிக் காட்டினார். கீழ்ப்பட்டையின் நுனி மேல்பட்டையை உரசி உரசி, அம்மிக்கல்லில் விழுந்த குழி மாதிரி ஒரு பள்ளம். “இதுலேர்ந்துதான் சார் விரிசல் ஆரம்பிக்கும்.” அடுத்ததை ஒரு ஸ்பானரால் தட்டினார். நங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் சொத்தென்று கேட்டது. நானும் ஸ்பானரை வாங்கி, குடம் வாங்கும் மாமி மாதிரி நாலைந்தைத் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் “ம்ம்” என்றேன்.

ஜோடியாக ஒரே வண்டியில் கழற்றியது ஒன்றும் தேறவில்லை. பட்டையை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் சாய்வு இடம் மாறும், போகாது. கடைக்காரர் சளைக்கவில்லை. “குட்டியானைப் பட்டை இருக்கு சார். வெட்டி, கண் சுருட்டித் தர்றேன். ஜென்மத்துக்கும் சாயாது.” குட்டியானை என்றால் டாட்டா ஏஸ். தண்ணீர் கேன் தூக்குகிற வண்டி. அதன் பட்டையில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து கபாலி கோயிலுக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். முதுகெலும்பு இப்போதே வலித்தது. ஜி.பி. ரோடுக்கு நடந்தோம்.

அங்கே ஒரு கடையில் புது செட்டே இருந்தது. கறுப்பு பெயின்ட் வாசனை மாறாமல், சாக்குத் துணியில் சுற்றி. கடைக்காரர் கேட்டார்:

“என்ன லோடு ஓடும் சார்? பின்னாடி வழக்கமா எத்தனை பேர்?”

“அஞ்சாறு பேர் ஏறுவாங்க” என்றேன் யோசிக்காமல்.

பக்கத்தில் என் மனைவி இருந்தாள். காசு விஷயத்தில் என்னைத் தனியாக ஜி.பி. ரோடுக்கு அனுப்புவதில்லை என்று ஒரு ஏற்பாடு. “யாரு அந்த ஆறு பேர்?” என்றாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் மனசில் இருந்த பின்சீட்டு 1996ஆம் வருஷத்துப் பின்சீட்டு. திருச்செந்தூர் போனோம், முன்னால் மாமனாரும் நானும் எங்களுக்கு நடுவில் சின்னவனும், பின்னால் மாமியார், மனைவி, அவள் தங்கை, பெரியவள், மடியில் இரண்டு குழந்தைகள், காலடியில் புளியோதரைத் தூக்கு. இன்றைக்கு பெரியவள் நியூஜெர்சியில், சின்னவன் பெங்களூரில். பின்சீட்டில் நிரந்தரமாகப் பயணம் செய்வது ஒரு குடையும் போன வருஷத்து காலண்டரும்.

“ரெண்டு பேர்தான்” என்று கடைக்காரரிடம் மனைவி சொன்னாள்.

“ரெண்டு பேருக்கு இது போதும்மா. ஆனா இதே விலைக்கு டாக்ஸி செட்டும் இருக்கு. பட்டை ஒரு மில்லி கனம் கூட, எண்ணிக்கையும் ஒண்ணு கூட.”

இதே விலைக்குக் கூட என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால் என் மூளையில் யாரோ மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சொல்லி என் தலையில் கட்டப்பட்ட ஜட்டிகள் இன்னமும் பீரோவில் இருக்கின்றன. இரும்பு, அதுவும் எடை போட்டால் காசு. விட்டுவிட்டு வர முடியுமா? பாய் என் முழங்கையைத் தொட்டார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாக்ஸி செட்டை வாங்கினேன்.

ஒரு மில்லி என்ன செய்துவிடும் என்று நீங்களும் நினைக்கலாம். ராத்திரி படுக்கப்போகும்போதுதான், ஓய்வு பெற்ற பின் வாங்கிய ஒரு பழைய இன்ஜினியரிங் புத்தகத்தைப் புரட்டினேன். பட்டையின் அகலம் இரண்டு மடங்கானால் விறைப்பும் இரண்டு மடங்கு, சரி. கனம் இரண்டு மடங்கானால்? எட்டு மடங்கு. விறைப்பு, கனத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். பழைய பட்டை ஆறு மில்லி, ஆறாறு முப்பத்தாறு, முப்பத்தாறாறு 216. புதுப் பட்டை ஏழு மில்லி, 343. ஒரே ஒரு மில்லியில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் விறைப்பு ஏறிவிட்டது. மேலே ஒரு பட்டை வேறு இனாம். விளக்கை அணைத்தேன். மனைவியிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

மாட்டும் நாள். முன்கண் போல்ட் ஏறியது, யு போல்ட் ஏறியது, பின்கண் ஷாக்கிலுக்கு எட்டவில்லை. இரண்டு விரற்கடை குறைந்தது. புது வில் அவ்வளவு வளைந்திருந்தது. நிமிர்ந்தால்தான் நீளும், பாரம் ஏறினால்தான் நிமிரும். பாய் பட்டையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. டிக்கில கொஞ்சம் உக்காருறீங்களா?”

அம்பாசடர் டிக்கி பெரியது என்று எல்லோரும் புகழ்வார்கள். அதன் முழு விசாலத்தையும் அனுபவித்தவன் நான். ஸ்டெப்னி மேல் ஒரு பக்கமாக உட்கார்ந்து, மூடி தலையில் இடிக்காமல் கழுத்தைச் சாய்த்து, கால்களைப் பம்பர் மேல் தொங்கவிட்டேன். பட்டறைப் பையன் ஜாக்கியை மிதித்தான். “இன்னும் கொஞ்சம் பின்னால சார்... இன்னும்... அப்படியே மூச்சை இழுக்காம விடுங்க.” எதிர் டீக்கடையில் ஐந்து பேர் டீயைக் குடிக்காமல் நின்றார்கள். எங்கள் காலனி செயலாளர் ஸ்கூட்டரில் போனவர், வேகம் குறைத்து, வணக்கம் வைத்துவிட்டுப் போனார். நானும் டிக்கியிலிருந்தே வணக்கம் வைத்தேன். வேறு என்ன செய்வது?

போல்ட் ஏறியது. என் வாழ்க்கையில் என் எடை ஒரு காரியத்துக்கு உதவியது அந்த ஒரு நாள்தான். இறங்கிய பெருமிதத்தில், புத்தகத்தில் படித்த ஒன்றை எடுத்துவிட்டேன். “பாய், புஷ் ரப்பர் போல்ட்டை வண்டி தூக்கி நிக்கும்போது முறுக்கக் கூடாது. தரையில இறக்கினப்புறம்தான் முறுக்கணும், இல்லேன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிரும்.”

“தெரியும் சார். கை அளவுக்குத்தான் வச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான் வைக்கிறேன்.”

வீட்டுக்கு வந்தோம். மனைவி மாடியிலிருந்து பார்த்தாள். சாய்வு போயிருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்பக்கம் எழும்பி, முன்பக்கம் தாழ்ந்து, கார் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட உட்காரப்போகிற மாதிரி நின்றது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் பத்தடி தூரத்துத் தார் ரோடு பளிச்சென்று தெரிந்தது. அதற்கப்புறம் பகவான் விட்ட வழி. வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கும், அது மோரிஸ் ஆக்ஸ்போர்டு. பின்சக்கரம் ஏறும், அது கட்டை வண்டி. பின்சீட்டில் இருந்த காலண்டர் ஒருநாள் முன்சீட்டுக்கே வந்துவிட்டது.

“செட் ஆகணும் சார்” என்றார் பாய். “ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், கொஞ்சம் இறங்கும். நடுவுல ஐந்நூறுல வாங்க, யு போல்ட் ஒரு தடவை முறுக்கணும்.” நாங்கள் ஓட்டுவது கோயில், காய்கறி, எப்போதாவது கல்யாணம், மாதம் நாற்பது கிலோமீட்டர். செட் ஆக இரண்டு வருஷம் ஒரு மாதம். இடைக்கால யோசனையாக, டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டை நான்கு வாங்கிப் போட்டேன். வண்டி தேவலை. மூன்றாம் நாள் செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்ன போலீஸ்காரர், “எந்த ரேஷன் கடை?” என்றார். “ஸ்பிரிங்குக்காக வச்சிருக்கேன்” என்று உண்மையைச் சொன்னேன். என் சர்வீஸில் சொன்ன எந்தப் பொய்யையும் யாரும் இவ்வளவு சந்தேகமாகப் பார்த்ததில்லை.

கடைசியில் பாயிடமே போய்ச் சரணடைந்தேன். பக்கத்துக்கு ஒரு பட்டை எடுத்துவிடலாம் என்றார். எதை எடுப்பது என்பதிலும் முறை இருக்கிறது. மெயினைத் தொடக் கூடாது, கண் அதில்தான். இரண்டாவதையும் தொடக் கூடாது, மெயின் ஒடிந்தால் வீடு வந்து சேரும்வரை தாங்குவது அதுதான். கீழே இருந்து பார்த்துப் பார்த்து ஒன்றை உருவினார், மறுபக்கமும் அதே இடத்தில் ஒன்று. சென்டர் போல்ட்டைக் குட்டையாக மாற்றினார். வண்டி இறங்கியது. வேகத்தடையில் மறுபடியும் கார் மாதிரி நடந்துகொண்டது. “இப்பத்தான் அப்பா வண்டி மாதிரி இருக்கு” என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதை மூன்றாவதாக வைக்கலாம்.

உருவிய இரண்டு பட்டைகளும் ஷூ ராக்குக்குக் கீழே கிடந்தன. எடைக்குப் போட மனசு வரவில்லை. மானாமதுரையிலிருந்து வந்த மச்சான் அவற்றைப் பார்த்துக் கண்ணை விரித்தார். “மாப்ள, புதுப் பட்டையா? எங்க ஊர்ப்பக்கம் இதுக்குத் தவம் கிடக்கான்.” பக்கத்திலேயே திருப்பாச்சேத்தி. அங்கே அரிவாள் அடிக்கிறவர்களுக்கு வண்டிப் பட்டை இரும்பு என்றால் தனி மரியாதை. பதம் நிற்கும், முனை மழுங்காது. இரண்டையும் தினத்தந்தியில் சுற்றி எடுத்துப்போனார்.

பொங்கலுக்கு வந்தார், குடும்பத்தோடு, ஏழு பேர். கையில் இரண்டு அரிவாள். ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு. மறுநாள் எல்லோரும் மகாபலிபுரம் போகலாம் என்றார்கள். “அம்பாசடர் இருக்கையில வேற வண்டி எதுக்கு?” என்று மச்சான்தான் முதலில் ஏறினார். மடியில் ஆள், மடியின் மேல் ஆள், ஒன்பது பேர். காலடியில் புளியோதரைத் தூக்கு. அரிவாளைச் சாணை பிடிக்கணும், வழியில் ஆள் இருந்தால் பார்க்கலாம் என்று மனைவி அதையும் எடுத்துக்கொண்டாள்.

தெருமுனை வேகத்தடையில் சைலன்சர் தரையைத் தொட்டது. அடுத்ததில் தேய்த்தது. மேடவாக்கம் தாண்டுவதற்குள் கீழேயிருந்து வருகிற சத்தத்துக்குக் குழந்தைகள் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஓரமாக நிறுத்தி பாய்க்கு போன் போட்டேன்.

“எத்தனை பேர் சார்?”

“ஒன்பது.”

“அதுக்குத்தானே சார் டாக்ஸி செட்டு! ஒண்ணும் கவலையில்ல. உருவின பட்டை ரெண்டையும் பத்திரமா வச்சிருக்கீங்கல்ல? நாளைக்கு எடுத்துட்டு வாங்க, திரும்ப மாட்டிரலாம்.”

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். என் மனைவி அந்தப் பட்டையால் ஒரு இளநீரை ஒரே வெட்டில் சீவிக்கொண்டிருந்தாள்.